கேட்டுப் போனவர்களும் போனபின் கேட்பவர்களும்

டெல்லி துவாரகாவில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் ஹாலில் நடக்கும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்து, விண்ணப்பங்கள் சொல்லப்படும் அந்தப் பத்து நிமிடத்தைக் கவனித்தால் போதும். எங்கள் தலைமுறை எதை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். மகனுக்குக் கனடா பி.ஆர். வர வேண்டும். மருமகளுக்குக் குருகிராமிலிருந்து பெங்களூருக்கு மாற்றல் கிடைக்க வேண்டும். பேத்தி நீட் எழுதுகிறாள். ஃப்ளாட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டைக்கே போய்விடலாமா என்று இன்னொருவருக்கு யோசனை. ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்கும்போது "தேவ சித்தம் நிறைவேறட்டும்" என்கிறோம். சுற்றியிருப்பவர்கள் ஆமென் சொல்கிறார்கள். மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சித்தம் நாம் விரும்பியதற்கு எதிராக இருந்துவிட்டால் என்ன செய்வோம் என்ற கேள்விக்கு அந்தப் பத்து நிமிடத்தில் இடமே இருப்பதில்லை. விசா வந்துவிட்டால் அது கர்த்தர் திறந்த வாசல். வராவிட்டால் இன்னும் ஊக்கமாக ஜெபிக்க வேண்டும்.

இதே சொல்லைச் சொல்லிக்கொண்டு, இதே திருநெல்வேலிச் சீமையிலிருந்து, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னும் ஆட்கள் வடக்கே ரயில் ஏறினார்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபின் கேட்கிறோம். இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயர் தெரியாத சி.எஸ்.ஐ. குடும்பம் தென்மாவட்டங்களில் இருக்காது. 1874இல் வெள்ளாளன்விளையில், ஒரு கிராமத்துச் சபை ஐயரின் மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதில் தகப்பனை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், நோய் வந்து பட்டத் தேர்வை எழுத முடியாமல் போனது. இன்றைக்கு எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பையனுக்கு இப்படி நடந்தால் அதைச் சாத்தானின் தடை என்போம், உபவாசம் போடுவோம். அவர் அந்தப் பட்டத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் சேர்ந்து தென்னிந்தியா முழுக்கப் பிரயாணம் செய்யும் செயலாளரானார். வாலிபர்களிடம் பேசுவதில் பெயர் வாங்கினார். கௌரவமான வேலை, நல்ல நண்பர்கள், வெளிநாட்டுத் தொடர்புகள் எல்லாம் அமைந்திருந்தன.

1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே ஆட்களை வெளியிடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியிலோ அதைவிடப் பெரிய சபை இருந்தது. சுவிசேஷம் வந்து நூறு வருஷம் தாண்டியிருந்தது. ஆனாலும் ஊழியம் என்றால் வெள்ளைக்காரர் செய்வது, நாம் பெற்றுக்கொள்வது என்றே இருந்தது. அந்த உறுத்தலோடு ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அடுத்த வருஷமே சாமுவேல் பாக்கியநாதன் என்பவர் நைஜாம் சமஸ்தானத்துத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அசரியாவின் கதையில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. சங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் முன்னால் நின்றார். மேடை மேடையாக ஏறி, படித்த வாலிபர்களே, வேலையை விட்டுவிட்டுக் கிராமங்களுக்குப் போங்கள் என்று அழைத்தார். ஒரு கட்டத்தில் அந்த அழைப்பு அவர் பக்கமே திரும்பியது. போகச் சொல்கிற நீ ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியிலிருந்து தப்புவதற்கு அவரிடம் நியாயமான காரணங்கள் இருந்தன. சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும், பணம் திரட்ட ஆள் வேண்டும், இளைஞர்களைத் தூண்டிவிடத் திறமை வேண்டும். இத்தனையும் ஊழியம்தான். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தும் 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு டோர்னக்கல்லுக்குப் போனார். தெலுங்கு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் தங்கியது கூடாரத்தில். போன இடத்து மக்கள் பெரும்பாலும் நிலமில்லாத கூலிகள், ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மாலா, மாதிகா சாதிகள். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றி அவர்களிடம் பேசியபோது, குடி, கடன், நோய், அழுக்கு ஆகிய நான்கையும் எதிர்த்தே பேசினார்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். பிரசங்கங்களில் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். கீழ்ப்படிந்தார், கர்த்தர் உயர்த்தினார் என்று ஒரு கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் சம்மதமில்லை. 1909இல் அவர் கூடாரத்தில் போய்ப் படுத்தபோது பேராயர் பதவி அவர் கண்ணில் தெரிந்திருக்க நியாயமில்லை. பதவி வந்தபின்னும் அவர் பெரிய பட்டணம் எதற்கும் இடம் மாறவில்லை. 1945 ஜனவரி 1 அன்று டோர்னக்கல்லிலேயே இறந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தத் தெலுங்கு மண்ணில் இருந்தார். அந்தக் காலத்துக்குள் அவருடைய திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். 1939இல் கட்டி முடித்துப் பிரதிஷ்டை செய்த பேராலயம், கோயிலும் மசூதியும் கலந்த சாயலில் இன்றும் நிற்கிறது.

கீழ்ப்படிதல் என்றால் வாய்மூடி இருப்பது என்று நினைப்பவர்கள் 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர் பேசியதை நினைத்துப் பார்க்க வேண்டும். உலகத்து மிஷனெரித் தலைவர்கள் கூடியிருந்த சபையில், இந்தியச் சபைக்கு நீங்கள் நிறையக் கொடுத்துவிட்டீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சில வெள்ளையருக்கு அது பிடிக்கவில்லை. கடவுளுக்கு முழுதாக ஒப்புக்கொடுத்தவன் மனுஷருக்குப் பயப்பட மாட்டான் என்பதற்கு நம் ஊரிலிருந்தே கிடைக்கும் சாட்சி அது.

அன்றைய கீழ்ப்படிதல் போனவர்களுடையது மட்டும் என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும். அவர்களை அனுப்பியது பிடியரிசி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு பானையில் போட்டு, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் ஊழியரை அனுப்பினார்கள் நம் ஊர்ப் பெண்கள். வருஷத்துக்கு ஒருமுறை செக் எழுதிக் கொடுப்பதோடு இதை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு நாளும், பானையில் இருப்பது வீட்டுக்குப் போதுமா என்ற கவலையோடு, கை உள்ளே போய் ஒரு பிடியை வெளியே எடுக்க வேண்டும். பஞ்சமும் பனைத்தொழிலும் பார்த்த வீடுகள் அவை.

1950களின் கடைசியில் வாலிபர்கள் சிலர் கூடி ஜெபிக்கத் தொடங்கி, பிறகு எஃப்.எம்.பி.பி. (ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட்) என்று எல்லாரும் அறிந்த அமைப்பானதும் இதே வழியில்தான். எமில் ஜெபசிங் போன்றவர்கள் கன்வென்ஷன் மேடைகளில் வட இந்தியாவின் படத்தை விரித்துக் காட்டிப் பேசினார்கள். பாலிடெக்னிக் படித்தவர்களும் வாத்தியார்களும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுக் குஜராத்தின் டாங்ஸ் காட்டுக்கும் ராஜ்மகால் மலைகளின் மால்டோ மக்களிடமும் போனார்கள். மால்டோ கிராமங்களில் காலா அசாரும் மலேரியாவும் குடும்பம் குடும்பமாகக் கொன்றுகொண்டிருந்த காலம். போன ஊழியர்களும் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். பிள்ளைகளைத் தோனாவூரில் சந்தோஷ வித்யாலயா விடுதியில் விட்டுவிட்டு, விடுமுறைக்கு மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி யாரும் சாட்சிக் கூட்டத்தில் அதிகம் பேசுவதில்லை. அங்கே படித்து வளர்ந்த ஒருவர் இப்போது டெல்லியில் என் நண்பர். "அப்பா அம்மாவுக்கு அழைப்பு வந்துச்சு, அவங்க கீழ்ப்படிஞ்சாங்க. என்னைய யாரும் கேக்கல அண்ணே" என்று ஒருநாள் சொன்னார். கசப்பில்லாமல்தான் சொன்னார். இன்றும் மாதாமாதம் அந்த ஊழியத்துக்குப் பணம் அனுப்புகிறார். ஒருவருடைய ஒப்புக்கொடுத்தலின் விலையைப் பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கக் கூடாது.

துவாரகாவின் கதை வேறு. டெல்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ. இதைத் திட்டமிட்டபோது இதன் பெயர் பப்பன்கலான். பாலம், காக்ரோலா, அம்பர்ஹாய், பாம்னோலி என்று சுற்றிலும் கிராமங்கள், கோதுமையும் கடுகும் விளைந்த நிலம். 1990களில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் எழும்பத் தொடங்கின. ராமகிருஷ்ணாபுரத்திலும் சரோஜினி நகரிலும் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ் குமாஸ்தாக்களும் செக்ஷன் ஆபீசர்களும் பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து கடன் எடுத்து இங்கே ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டினார்கள். ஓய்வுபெறும்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஊருக்குப் போனால் பிள்ளைகள் இங்கே. அதனால் துவாரகா.

வந்த புதிதில் டேங்கர் தண்ணீர்தான். போர்வெல் தண்ணீர் உப்பு. ராத்திரி செக்டருக்கும் செக்டருக்கும் நடுவே விளக்கில்லாத வெளி. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு மத்திய டெல்லிக்குப் போக விடியற்காலையில் கிளம்ப வேண்டும். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, டிபன் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது மாலையாகிவிடும். யாரும் அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழ்ப்படிதல் என்பது அவர்களுக்கு உணர்ச்சியாக இருக்கவில்லை, பழக்கமாக இருந்தது.

2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ துவாரகா வரை வந்தது. அடுத்த ஏப்ரலில் செக்டர் 9, 2010இல் செக்டர் 21. இப்போது யஷோபூமி மாநாட்டு மையம் வரை விமான நிலைய மெட்ரோ ஓடுகிறது. இரண்டு பஸ் மாறிய வழியை இன்று உட்கார்ந்துகொண்டே போய்விடலாம். ஆனால் அந்தப் பஸ் காலத்தில் கோயிலில் பார்த்த முகங்களில் பலவற்றை இந்த மெட்ரோ காலத்தில் காணவில்லை. அவர்கள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. சென்னையிலோ கோவையிலோ நடக்கும் பெரிய ஆராதனையை நேரலையில் பார்க்கிறார்கள். பிரசங்கம் பிடிக்காவிட்டால் அடுத்த சேனல். சபையில் ஐயர் நமக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது, மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். அந்தத் தொந்தரவுக்குள்தான் பணிவு வளர்ந்தது என்று நான் நம்புகிறேன். நாமே தேர்ந்தெடுத்த குரல் நம்மை மறுத்துப் பேசுவது அபூர்வம்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதும் அப்படித்தான் மாறியது. ஒரு வசனம், அந்த வருஷம் முழுவதும் அதைத் தியானிக்க வேண்டும். எச்சரிக்கை வசனம் வந்தால் அதையும் ஏற்றுக்கொண்டு வீட்டுச் சுவரில் ஒட்டிய பாட்டிமார் இருந்தார்கள். இன்று அச்சடித்து வரும் அட்டைகளில் எச்சரிக்கையே கிடையாது. எல்லாம் ஆசீர்வாதம், எல்லாம் உயர்வு. வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ஒன்று வருகிறது. இந்த மாதம் உன் எல்லை விரிவாகும் என்று அதில் இருந்தால், அது குருகிராம் கம்பெனியின் ஆஃபர் லெட்டரைக் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

எண்ணாகமத்தில் பிலேயாமின் சம்பவத்தை ஞாயிறு பள்ளியில் பேசும் கழுதைக்காகவே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இப்போது அதில் பயமுறுத்தும் இடம் வேறு. போகாதே என்று கர்த்தர் முதல் தடவையே தெளிவாகச் சொல்லிவிட்டார். மோவாப் ராஜா பாலாக் அனுப்பிய இரண்டாவது கூட்டத்தார் இன்னும் பெரிய கௌரவத்தோடு வந்ததும், இராத்திரி தங்குங்கள், இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன் என்கிறான். அந்த இரண்டாவது கேள்வியில்தான் அவன் விழுந்துவிட்டான். வேண்டாம் என்ற பதிலைப் பெற்றுவிட்டு, சம்பளம் கூடியபின் திரும்ப ஜெபிக்கும் நம் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. "ஒப்புக்கொடு, கீழ்ப்படி" என்ற சொற்களை வைத்து எளியவர்களை அடக்குகிற பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் புருஷனோடு பொறுத்துப் போ, அதுதான் உனக்குத் தேவ திட்டம் என்று ஒரு பெண்ணிடம் ஜெபக்குழுவில் சொல்லப்பட்டதை நான் காதால் கேட்டேன். அன்று அங்கே இருந்த ஒரு வயதான அக்கா எழுந்து, "கெத்செமனேயில கர்த்தர் தன்னைத்தானே ஒப்புக்கொடுத்தார். அடுத்தவளைப் புடிச்சு ஒப்புக்கொடுக்கல. நீ எங்க வீட்டுக்கு வா மக்களே" என்றார். அந்தப் பெண் ஆறு மாதத்துக்கு மேல் அவர் வீட்டில் இருந்தாள். இப்போது தனியாக வீடு எடுத்து, ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். அந்த அக்காவின் பேச்சுக்கு மேல் இதைப்பற்றி நான் படித்த எந்த வேதவியாக்கியானமும் போகவில்லை. ஊழியக்காரருக்குக் கீழ்ப்படிவதையே கர்த்தருக்குக் கீழ்ப்படிவதாகப் பிரசங்கிக்கிற இடங்களுக்கும் இதுவே பதில்.

இவ்வளவும் எழுதியபின், இன்றைக்குக் கீழ்ப்படிகிறவர்களே இல்லை என்று முடித்தால் அது பொய். அவர்கள் கன்வென்ஷன் மேடையில் இல்லை, அவ்வளவுதான்.

2021 ஏப்ரலில் டெல்லி எப்படி இருந்தது என்பதை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருந்தது, சுடுகாடுகளில் வரிசை. எங்கள் குழுவில் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண் ஒருத்தி ஐ.சி.யூ. நர்ஸ். மூன்று வயதுக் குழந்தை. வீட்டில் வேலையை விட்டுவிடச் சொன்னார்கள், ஊரிலிருந்து அம்மா போனில் அழுதார். "விட்டுட்டு வர்றது பெருசில்ல ஆன்ட்டி. பெட்டுல கிடக்கிறவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியுது, அதான்" என்று என் மனைவியிடம் சொன்னாள். குழந்தையைப் பக்கத்து செக்டரில் ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டு, பதினான்கு நாள் டியூட்டி, பிறகு தனிமை, பிறகு மறுபடி டியூட்டி. அவள் வாயிலிருந்து அழைப்பு, அர்ப்பணிப்பு என்ற சொற்கள் வந்ததே இல்லை. அந்தக் குழந்தையை வைத்திருந்த குடும்பத்தைப் பிடியரிசி போட்ட பெண்களோடு சேர்த்துத்தான் நான் எண்ணுகிறேன்.

துவாரகாவிலிருந்து மெட்ரோவில் போய்விடக்கூடிய நேரு பிளேசில், ஒரு பழைய அலுவலகக் கட்டிடத்தில் இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன் இயங்குகிறது. வெளிநாட்டு மிஷனெரிகள் கிளம்பிப் போக வேண்டிவந்த காலத்தில், அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரிகள் மூடிப்போகாமல் காக்க 1970இல் தொடங்கப்பட்டது. பீகாரின் ரக்சாலில் டங்கன் ஆஸ்பத்திரி, ஜார்க்கண்டின் சத்பர்வாவில் நவ ஜீவன், அசாமின் தெற்கு மூலையில் மகுந்தா என்று வடக்கிலும் வடகிழக்கிலும் அதன் ஆஸ்பத்திரிகள். மகுந்தா மட்டும் ஒரு தனிக் கதை. திரிபுராவும் மிசோரமும் தொடும் எல்லையில், தொழுநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி 1980களில் மூடிக் கிடந்தது. 1990களின் தொடக்கத்தில் டாக்டர் விஜய் ஆனந்த் இஸ்மவேலும் அவர் மனைவி டாக்டர் ஆன் மிரியமும் அங்கே போனார்கள். விஜய் ஆனந்த் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர். முப்பது வருஷம் இருப்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு போனார்கள், இருந்தும் காட்டினார்கள். இன்று அங்கே வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பிரசவங்கள் நடக்கின்றன. பள்ளி இருக்கிறது, நர்சிங் படிப்பு இருக்கிறது. ஏழைகளால் கொடுக்க முடிந்த கட்டணத்தில் ஆஸ்பத்திரி தன் காலில் நிற்கிறது.

முப்பது வருஷம் என்று தேதி போட்டு ஒப்புக்கொடுப்பது அசரியா காலத்தில் தேவைப்படவில்லை. போனால் போனதுதான். இன்று நமக்கு முன்னால் வழிகள் அதிகம், போனதற்கு அடுத்த வருஷமே இன்னொரு வாசல் திறக்கும். அதனால் முதலிலேயே அளவு சொல்லிக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் சபைகளின் ஸ்பான்சர்ஷிப்பில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்தபின் இரண்டு வருஷம் தேவையுள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் இந்த வகைதான். அய்டா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் அது. அவருக்கு வந்த அழைப்பு, ஒரே இராத்திரியில் மூன்று வீட்டார் பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்டு வந்து, ஆள் இல்லாமல் மூன்று பெண்களும் இறந்துபோனதிலிருந்து வந்தது என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். அவருக்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. இன்றைய பிள்ளைக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அதைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுப் போன பிள்ளைகள் பலர் இரண்டு வருஷம் கழிந்தும் திரும்பவில்லை.

எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டாய சேவை சத்தீஸ்கரில் விழுந்தது. அம்மாவின் விண்ணப்பம் மாதக்கணக்கில் ஒன்றே: டெல்லிக்குப் பக்கத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றவில்லை. போய் முதல் மழைக்காலத்தில், பாம்பு கடித்து வந்த ஒரு பையனை இராத்திரி முழுக்க ஆம்பு பை பிடித்துக் கையாலேயே மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். ஆளுக்கு அரைமணி நேரம் என்று நர்ஸும் பையனின் மாமாவும் மாற்றி மாற்றி அந்தப் பையை அழுத்தினார்களாம். விடியும்போது பையனின் கண் இமை அசைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா மாற்றல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு வென்டிலேட்டர் வேண்டும் என்று விண்ணப்பம் வைத்தார், தன் வளையல் இரண்டைக் கழற்றிக் கணக்கைத் தொடங்கியும் வைத்தார்.

மகளைப் பார்க்கப் போன அவள் அப்பா, கணக்கு இலாகாவில் ஓய்வுபெற்றவர், மூன்று வாரம் என்று போனார். அங்கே ஸ்டோர் கணக்கும் பார்மசி கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. துவாரகா ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டாயிற்று, அம்மாவும் அங்கேதான். கரண்ட் அடிக்கடி போகிறது, பால் பாக்கெட் கிடைப்பதில்லை என்று போனில் குறை சொல்கிறார். போன வாரம் பேசும்போது அவருக்கு வேறு வேலை இருந்தது. "நம்ம செக்டர்ல ரிட்டயர் ஆன ஸ்டோர் ஆள் ஒருத்தர் உண்டே, ரயில்வேல இருந்தாரு. அவரு நம்பர் உங்கிட்ட இருக்கா? எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தாலும் சொல்லு. ரெண்டு ரூம் காலியா இருக்கு" என்றார். நம்பரை அனுப்பிவிட்டேன். ரயில்வேக்காரர் தன் வீட்டம்மாளிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.